‘பிக்னிக்’ என்ற எதிரணித் தலைவருக்கு
(பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, முன்வரிசைப் பெரியவர்களே, இடம் கிடைக்காம பின்னாடி நின்னுக்கிட்டே கேட்கிற புண்ணியவான்களே, எல்லாருக்கும் வணக்கம். தலைப்பு, “இஸ்ரேல் – பாலஸ்தீன மண்ணில் அமைதிக்கு அடித்தளம் இடுவது தலைவர்களின் மேசையா, தாய்மார்களின் தெருவா?” நான் தெருவுக்காகப் பேச வந்திருக்கேன்.

நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கிட்டு வந்தேன். இந்தப் பெண்கள் செஞ்சதை 1988ல ஆரம்பிச்சு வருஷ வாரியாச் சொல்லணும்னு திட்டம். எதிரணித் தலைவர் அண்ணன் அதைக் கெடுத்துட்டார். அவர் சொன்னதுக்கு நீங்க எல்லாரும் கைதட்டினீங்க, அதனால நான் அதை அப்படியே திருப்பிச் சொல்லியாகணும். “இஸ்ரேல் பெண்கள் நாலு பேர், பாலஸ்தீனப் பெண்கள் நாலு பேரைக் கார்ல ஏத்திக்கிட்டுக் கடற்கரைக்குப் போனாங்களாம். அலையில கால் நனைச்சாங்களாம். கால் நனைச்சா ஆக்கிரமிப்பு கரையுமா? இதுக்குப் பேரு சமாதானம் இல்லைம்மா, பிக்னிக்! கையில புளியோதரைப் பொட்டலம் ஒண்ணுதான் குறைச்சல்!”

நல்ல வசனம். எனக்கே சிரிப்பு வந்துச்சு. ஆனா அண்ணே, அந்தப் பிக்னிக்குக்கு எப்படிப் போனாங்கன்னு நீங்க சொல்லவே இல்லையே! புளியோதரை வரைக்கும் வந்தீங்க, வழியைச் சொல்லாம விட்டுட்டீங்க. நான் சொல்றேன்.

2010ஆம் வருஷம். இலானா ஹாமர்மன்னு ஒரு அம்மா. மொழிபெயர்ப்பாளர், பதிப்பாசிரியர், வயசு அறுபதைத் தாண்டியாச்சு. மேற்குக் கரை, அதாவது 1967ல இருந்து இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில இருக்கிற பாலஸ்தீனப் பகுதி, அதன் தென்பகுதியில ஒரு கிராமத்துல அவங்களுக்குப் பழக்கம். அங்கே இருக்கிற இளம்பெண்களுக்குக் கடலைப் பார்க்கணும்னு ஆசை. ஹெப்ரான் பக்கத்துல இருந்து மத்தியதரைக் கடல் நேர்கோட்டுல அறுபது கிலோமீட்டர்கூட இல்லை. மேற்குச் சரிவு மலைகள்ல ஏறி நின்னா, வானம் தெளிஞ்ச நாள்ல கடலோரக் கட்டடங்கள் கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியும், ஆனா கால் போகாது.

ஏன் போகாது? அந்தப் பெண்கள் கையில இருக்கிறது பச்சை உறை போட்ட அடையாள அட்டை. இஸ்ரேல்காரங்களுக்கு நீல உறை. பச்சைக்காரங்க எல்லையைத் தாண்டணும்னா அனுமதிச்சீட்டு வேணும். பாலஸ்தீன அலுவலகத்துல விண்ணப்பம் கொடுக்கணும், அது இஸ்ரேல் ராணுவத்தின் சிவில் நிர்வாகத்துக்குப் போகும், அங்கே உளவுத்துறை ‘ஆட்சேபணை இல்லை’ன்னு சொல்லணும். வேலை, வைத்தியம், பண்டிகைத் தொழுகைன்னு காரணம் எழுதணும். ‘கடல் பார்க்க ஆசை’ன்னு எழுதினா யார் முத்திரை குத்துவாங்க?

அதனால இலானா அம்மா விண்ணப்பமே போடலை. கார்ச் சாவியை எடுத்தாங்க.

இங்கேதான் நடுவர் ஐயா கவனிக்கணும். தடைச்சாவடிகள் எல்லாம் ஒரே மாதிரி கிடையாது. பாலஸ்தீனத் தொழிலாளிகள் நடந்து போற சாவடியில வரிசை, சுழல்கதவு, உலோகச் சோதனை எல்லாம் உண்டு. மேற்குக் கரையில வந்து குடியேறின யூதர்கள் கார்ல வந்துபோற சாவடி வேற. அங்கே மஞ்சள் நம்பர் பிளேட் வண்டி, அதாவது இஸ்ரேல் வண்டி வந்தா, சிப்பாய் குனிஞ்சு உள்ளே இருக்கிற முகங்களை ஒரு பார்வை பார்ப்பான். ‘நம்ம ஆளுங்க’ன்னு தோணினா கையை ஆட்டி அனுப்பிடுவான். ஆக, ஆயிரம் கோடி செலவு பண்ணிக் கட்டின பாதுகாப்பு ஏற்பாடு முழுக்க அந்த இடத்துல எதுல போய் நிக்குது? ஒரு பத்தொன்பது வயசுப் பையனுடைய ஒரு பார்வையில! இந்த ஓட்டையைக் கண்டுபிடிச்சது எந்த ராஜதந்திரி? ஒரு பாட்டியம்மா.

முதல்ல மூணு இளம்பெண்கள். தலையில கட்டின முக்காட்டை எடுத்துட்டு, டெல் அவிவ் பொண்ணுங்க போடுற மாதிரி உடுப்புப் போட்டுக்கிட்டு வண்டியில உட்கார்ந்தாங்க. சாவடி வந்துச்சு. வண்டி மெதுவாச்சு. சிப்பாய் பார்த்தான். கையை ஆட்டினான். போயிட்டாங்க. டெல் அவிவ், யாஃபா, கடல்.

இதோட விட்டிருந்தா அண்ணன் சொன்னது சரி. ஒரு நாள் ஆசை தீர்ந்துச்சு, வீட்டுக்குப் போயாச்சு. ஆனா அந்த அம்மா என்ன பண்ணினாங்க? திரும்பி வந்து, ‘ஹாரெட்ஸ்’ பத்திரிகையில, சொந்தப் பேர் போட்டு, நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன்னு எழுதினாங்க! திருடினவங்க ஒளிவாங்க. இவங்க கட்டுரை எழுதினாங்க!

குற்றம் என்னன்னு தெரியுமில்ல? இஸ்ரேலுக்குள் நுழைவுச் சட்டம், 1952. அனுமதி இல்லாத ஆளை வண்டியில ஏத்தினா இரண்டு வருஷம் வரைக்கும் சிறை. ஒரு அமைப்பு போலீஸ்ல புகார் கொடுத்துச்சு. விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. சரி, பயந்து அடங்கிடுவாங்கன்னு நினைச்சா, ஜூலை மாசம் பன்னிரண்டு யூதப் பெண்கள் சேர்ந்துட்டாங்க. பன்னிரண்டு பாலஸ்தீனப் பெண்கள், கூடவே பிள்ளைங்க, ஒரு கைக்குழந்தை. கார் காராப் பிரிஞ்சு, அதே மாதிரி சாவடியைத் தாண்டினாங்க. யாஃபாவுல சாப்பிட்டாங்க, கடல்ல இறங்கினாங்க, ராத்திரி அவங்கவங்க ஊர்ல இறக்கி விட்டாங்க. இந்தத் தடவை கட்டுரைகூட இல்லை, காசு கொடுத்துப் பத்திரிகையில விளம்பரம்! “நாங்கள் சட்டத்தை மீறினோம், தெரிந்தே மீறினோம்”னு சொல்லி, கீழே கையெழுத்து. தங்களுக்கு வச்சுக்கிட்ட பேரு, ‘கீழ்ப்படியாதவர்கள்’.

அந்தச் சாவடி நிமிஷத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்றேன், ஏன்னா அண்ணன் அதைத்தான் தாண்டிக் குதிச்சுட்டார். வண்டிக்குள்ள இரண்டு பெண்கள். ஓட்டுறவங்களுக்கு மாட்டிக்கிட்டா விசாரணை, வழக்கு, அதிகபட்சம் இரண்டு வருஷம். பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு? கைது, உளவுத்துறைக் கறுப்புப் பட்டியல், அப்புறம் வைத்தியத்துக்குக்கூட அனுமதி கேட்க முடியாத நிலைமை. குடும்பத்துல வேலைக்குப் போற ஆம்பளை இருந்தா அவர் சீட்டும் போகலாம். ஒருத்தருக்கு நியாயத்துக்காகச் சிறை போனேன்கிற மரியாதை மிஞ்சும். இன்னொருத்தருக்குச் சோறு போகும். இந்த ஏற்றத்தாழ்வு இரண்டு பேருக்கும் தெரியும். தெரிஞ்சுதான் ஒரே வண்டியில உட்கார்ந்தாங்க. அடுத்த வருஷமும் உட்கார்ந்தாங்க. அந்த வருஷக் கடல்ல, பயந்து பயந்து இறங்கின பொண்ணுங்க கையைக் கோத்துக்கிட்டு நின்னாங்க, ஓர் அலை வந்து மொத்தமாத் தள்ளிவிட்டுச்சு, விழுந்து எழுந்து சிரிச்சாங்க.

அண்ணே, நீங்க போன பிக்னிக்ல எதுக்காவது இரண்டு வருஷ ஜெயில் இருந்துச்சா?

சரி, பிக்னிக்ன்னே வச்சுக்குவோம். எதிரணி இரண்டாவது பேச்சாளர் தம்பி என்ன கேட்டார்? “கடற்கரைக்கு ஏன் போகணும், ஒரு அரங்கத்துல உட்கார்ந்து பேச வேண்டியதுதானே?” தம்பி, எந்த அரங்கம்? இஸ்ரேலும் பாலஸ்தீனத் தரப்பும் போட்ட 1995 ஒப்பந்தம் மேற்குக் கரையை ‘ஏ’, ‘பி’, ‘சி’ன்னு மூணாப் பிரிச்சுது. ‘சி’ முழுக்க இஸ்ரேல் கட்டுப்பாடு. ‘ஏ’ பகுதி பாலஸ்தீன நிர்வாகத்துல இருக்கிற நகரங்கள். அங்கே இஸ்ரேல் குடிமக்கள் போகக் கூடாதுன்னு ராணுவ உத்தரவு. ஊர் நுழைவுல சிவப்புப் பலகை, எபிரேயம், அரபி, இங்கிலீஷ் மூணு மொழியிலயும், ‘நுழைவது சட்ட விரோதம், உயிருக்கு ஆபத்து’ன்னு. அப்போ ரமல்லாவுல கூட முடியாது. டெல் அவிவ்ல கூடலாம்னா பாலஸ்தீனப் பெண்ணுக்குச் சீட்டு வேணும். இரண்டு பேரும் சட்டப்படி கால் வைக்கக் கூடிய இடம் ‘ஏ’ பகுதிக்கு வெளியே, பெரும்பாலும் ‘சி’ பகுதியிலதான். அதனாலதான் பெத்லஹேம் பக்கம் பெய்த் ஜாலாவுல, மலை மேல இருக்கிற எவரெஸ்ட் ஹோட்டலுக்கு இவ்வளவு கிராக்கி. அந்த ஹோட்டல் ‘சி’ பகுதியில இருக்குங்கிற ஒரே காரணம். எத்தனையோ சமாதானக் கூட்டங்கள் நடந்த இடம் அது. காபி நல்லா இருக்குன்னு யாரும் அங்கே போகலை.

இன்னொரு கொடுமை கேளுங்க. ‘பேரன்ட்ஸ் சர்க்கிள்’னு ஒரு அமைப்பு. 1995ல ஆரம்பிச்சது. இரண்டு பக்கமும் சண்டையில பிள்ளையை, பெத்தவங்களை, கூடப்பிறந்தவங்களைப் பறிகொடுத்த 600க்கும் மேற்பட்ட குடும்பங்கள் அதுல இருக்கு. அதுல ஒரு பாலஸ்தீனத் தாய் கூட்டத்துக்கு வரச் சீட்டுக் கேட்டா, என்ன சிக்கல் வரும்? உளவுத்துறைக் கணக்குல, பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்காரங்க பழிவாங்கக் கூடும், அதனால அந்த வீட்டுக்கே தடை விழும். அதாவது எந்த இழப்பு அவங்களைச் சமாதானத்துக்குக் கூட்டிக்கிட்டு வந்துச்சோ, அதே இழப்பு அவங்களை வாசல்ல நிறுத்துது. இவங்க வருஷா வருஷம் நடத்துற கூட்டு நினைவுக் கூட்டத்துக்கு 2018லயும் 2019லயும் பாலஸ்தீனர்களை விட மாட்டோம்னு அரசாங்கம் சொல்லிடுச்சு. இரண்டு தடவையும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய்த்தான் உள்ளே வந்தாங்க. ஒரு துக்க நிகழ்ச்சிக்கு! அண்ணன் சொல்ற மேசை ஆளுங்க யாராவது உட்கார இடம் கேட்டு உச்ச நீதிமன்றம் போயிருக்காங்களா? 1993 ஆஸ்லோ ஒப்பந்தப் பேச்சுக்கு அவங்களுக்கு நார்வேயில மாளிகையே கொடுத்தாங்க.

இந்தத் தடைக்கும் தெருவுல இருந்துதான் மருந்து வந்துச்சு. 2001 ஜனவரியில மூணு இஸ்ரேல் பெண்கள் சேர்ந்து ‘மஹ்சோம் வாட்ச்’னு ஆரம்பிச்சாங்க. ஆம்பளைகளுக்கு இடம் இல்லை. வேலை, தடைச்சாவடியில போய் நின்னு பார்க்கிறது. அவ்வளவுதான். பார்க்கிறதுல என்ன இருக்குன்னு கேட்பீங்க. விடியற்காலை நாலு, அஞ்சு மணிக்கு, வேலைக்குப் போற கூட்டம் நெருக்குற நேரத்துல, மார்புல அட்டை மாட்டிக்கிட்டு, பெரும்பாலும் ஐம்பது அறுபது தாண்டின அம்மாக்கள், நோட்டும் பேனாவுமா நிப்பாங்க. எத்தனை மணிக்குக் கதவு திறந்துச்சு, எத்தனை சோதனை வழி ஓடுது, எத்தனை மூடிக் கிடக்குது, வரிசை எதுவரைக்கும் நீளுது, யாரைத் தனியா உட்கார வச்சிருக்காங்க, எவ்வளவு நேரமா. பெண்கள், நோயாளிகள், வயசானவங்களுக்குன்னு ‘மனிதாபிமானக் கதவு’ ஒண்ணு உண்டு. சாவி வச்சிருக்கிற அதிகாரி வந்தாத்தான் திறக்கும், பல நாள் அவர் வர மாட்டார். இந்த அம்மாக்கள் ராணுவ உதவி எண்ணுக்குப் போன் போட்டு, “கதவு நம்பர் இது, நேரம் இது, ஏன் திறக்கலை”ன்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க. சில நாள் திறக்கும், சில நாள் திறக்காது. அன்னிக்கே எல்லாத்தையும் எழுதிப் பதிவு பண்ணிடுவாங்க.

அந்தச் சுழல்கதவு இருக்கே, கொஞ்சம் நில்லுங்க, அதை நான் சொல்லியே ஆகணும். இஸ்ரேலுக்குள்ள பொது இடங்கள்ல வைக்கிற சுழல்கதவுக் கம்பியின் நீளம் 75ல இருந்து 90 சென்டிமீட்டர். பாலஸ்தீனர் கடக்கிற சாவடிக்கு 55 சென்டிமீட்டர்னு குறைச்சு வாங்கினாங்க. கம்பி உடம்போட ஒட்டணும், உடுப்புக்குள்ள எதுவும் மறைக்கக் கூடாதுன்னு கணக்கு. கையில ஒரு பை, இடுப்புல ஒரு பிள்ளைன்னு வர்ற ஒரு தாய் அந்த 55 சென்டிமீட்டருக்குள்ள எப்படித் திரும்புவா? பை ஒரு பக்கம் மாட்டும், பிள்ளை ஒரு பக்கம் அழும், உள்ளே இருக்கிற சிப்பாய் பொத்தானை அமுக்கிக் கதவை நிறுத்திடுவான். இதை எந்த மேசையில பேசினாங்க? ஆஸ்லோவுலயா, கேம்ப் டேவிட்லயா? இதைப் பக்கத்துல நின்னு பார்த்து எழுதி வச்சது அந்த அம்மாக்கள் மாதிரி ஆளுங்கதான்.

அவங்கள்ல ஒரு குழு கறுப்புப் பட்டியலையே வேலையா எடுத்துக்கிட்டாங்க. தடை விழுந்த ஆள்கிட்ட அதிகாரப் பத்திரம் வாங்கி, எபிரேய மொழியில மனு எழுதி, சிவில் நிர்வாகத்துக்கு அனுப்பி, பதில் வர்ற வரைக்கும் விடாமப் பின்தொடர்ந்து, மறுத்தா நீதிமன்றம் போறது. ஆயிரக்கணக்கான பேருக்கு இப்படிச் செஞ்சாங்க. அதுல ஒரு விசித்திரம். வழக்குப் போட்டதும், விசாரணைக்கு நாள் வர்றதுக்கு முன்னாடியே தடை நீங்கின சம்பவங்கள் நிறைய. நேத்து வரைக்கும் நாட்டுக்கே ஆபத்தான ஆள், வக்கீல் நோட்டீஸ் பார்த்ததும் நல்ல மனுஷன் ஆயிட்டார்!

(மணி)

முதல் மணி. சரிங்க ஐயா.

“பலன் என்ன, ஒரே ஒரு பலன் காட்டு”ன்னு அண்ணன் கேட்டார். இரண்டு காட்டுறேன்.

1997 பிப்ரவரி 4. லெபனானுக்குப் படையை ஏத்திக்கிட்டுப் போன இரண்டு ராணுவ ஹெலிகாப்டர்கள் வடக்கு இஸ்ரேல்ல ஒண்ணோட ஒண்ணு மோதி 73 பேர் செத்தாங்க. இஸ்ரேல் ராணுவம் தெற்கு லெபனான்ல பாதுகாப்பு வளையம்னு ஒண்ணு வச்சிருந்த காலம். வடக்கே, படையில பிள்ளையைக் கொடுத்த நாலு தாய்மார் கேட்டாங்க, “எதுக்காக அங்கே இருக்கோம்?” அமைப்புக்குப் பேரே ‘நாலு தாய்மார்’. சாலைச் சந்திப்புகள்ல நின்னாங்க, கையெழுத்து வாங்கினாங்க, எம்.பி.க்கள் வீட்டுக் கதவைத் தட்டினாங்க. ‘நாலு கந்தல்துணிகள்’னு கேலி பேசினாங்க. பொம்பளைக்கு ராணுவம் பத்தி என்ன தெரியும்னு டி.வி.யில தளபதிகள் வகுப்பு எடுத்தாங்க. 1999 தேர்தல்ல எஹூத் பராக், ஒரு வருஷத்துக்குள்ள படையை வெளியே கொண்டு வருவேன்னு வாக்குக் கொடுத்து ஜெயிச்சார். 2000 மே 24, கடைசிச் சிப்பாய் வெளியே வந்தாச்சு. ஹிஸ்புல்லாவின் தாக்குதலும் காரணம், நான் மறுக்கலை. ஆனா, ‘வெளியே வா’ங்கிறது தேசத் துரோகம்னு இருந்த பேச்சை, தேர்தல் வாக்குறுதியா மாத்தினது யாருன்னு கேட்டா, பதில் அந்த நாலு வீட்டுச் சமையலறையில இருக்கு.

இரண்டாவது, புத்ருஸ். ரமல்லாவுக்கு மேற்கே, ஆயிரத்தைந்நூறு பேர் வாழ்ற கிராமம். 2003ல இஸ்ரேல் கட்டின பிரிப்புச் சுவர் அந்த ஊர் நிலம் வழியா வருது. 3,000 ஒலிவ மரங்கள் போகும்னு திட்டம். ஊர்ல ஆம்பளைங்க ஊர்வலம் போறாங்க, கண்ணீர்ப்புகை, தடியடி. அப்போ இல்தஸாம் மொரார்னு பதினைஞ்சு வயசுப் பொண்ணு அப்பாகிட்ட கேட்டாள், “பொம்பளைங்க ஏன் வரலை?” ஊர்வலத்தை நடத்துற அப்பாகிட்ட! அப்பா யோசிச்சார், சரின்னார். மறுபடி போனப்போ பெண்கள் முன்னாடி. சிப்பாய்களைத் தள்ளிக்கிட்டு அந்தப் பொண்ணு ஓடிப்போய், புல்டோசர் தோண்டின குழிக்குள்ளேயே இறங்கிட்டாள். ஓட்டுநர் வண்டியை நிறுத்திட்டார். பத்து மாசம், 55 போராட்டம். நடுவுல இஸ்ரேல் பெண்களும் ஆண்களும் வந்து சேர்ந்துக்கிட்டாங்க. கடைசியில சுவரின் பாதை மாறிச்சு. ஊர் நிலத்துல 95 சதவீதம் தப்பிச்சுது. எந்த மேசையிலயும் இல்லை. ஒரு குழியில!

எதிரணி மூணாவது பேச்சாளர் அக்கா கேட்டது மட்டும்தான் இன்னிக்கு எனக்குக் கஷ்டமான கேள்வி. “இது எல்லாம் ஆக்கிரமிப்பைச் சகஜமாக்கற வேலைன்னு பாலஸ்தீனப் பெண்களே சொல்றாங்களே?” சொல்றாங்க. 1994ல ஜெருசலேம் லிங்க்னு ஒரு அமைப்பு. மேற்கு ஜெருசலேம்ல ஒரு மகளிர் மையம், கிழக்கு ஜெருசலேம்ல ஒரு மகளிர் மையம், இரண்டுக்கும் பாலம். 2000ல இரண்டாவது இன்டிஃபாதா, அதாவது பாலஸ்தீன எழுச்சி, வந்ததும் பாலம் ஆட்டம் கண்டுச்சு. இஸ்ரேல் பக்கம், உறவு முதல்ல, அரசியல் அப்புறம்னாங்க. பாலஸ்தீனப் பக்கம், ஊரடங்குல இருக்கிறவளுக்கு உறவு எதுக்கு, அரசியல் பேசுன்னாங்க. தப்பு யார் மேலன்னு கேட்டா, நான் பாலஸ்தீனப் பெண்கள் பக்கம்தான் நிப்பேன். வீடு இடியறவகிட்ட முதல்ல நட்புன்னு சொல்றது வேடிக்கை. இன்னிக்கு இருக்கிற ‘விமன் வேஜ் பீஸ்’ங்கிற இஸ்ரேல் பெண்களின் சமாதான அமைப்பையும் இதே குறை சொல்லலாம். ஒரு நாடா, இரண்டு நாடா, எதுன்னு அவங்க சொல்றதில்லை. வலதுசாரி, மதப்பற்று உள்ளவங்க, குடியேற்றப் பெண்கள்கூட வரணும்னு வேணும்னே சொல்லாம விட்டிருக்காங்க. கூட்டம் பெருசாச்சு, 40,000க்கு மேல. கேள்வியும் அப்படியே நிக்குது. இதுக்கு மேல அக்காவுக்குப் பதில் என்கிட்ட இல்லை, அதனால அடுத்ததுக்குப் போறேன்.

(சிரிப்பு)

மேசையைப் பத்தி ஒரே ஒரு வார்த்தை. 2000 அக்டோபர் 31, ஐ.நா. பாதுகாப்பு அவை 1325ஆம் தீர்மானம், சமாதானப் பேச்சுல பெண்கள் இருக்கணும்னு. 2005ல இஸ்ரேல் அதைச் சட்டமாவே போட்டுச்சு, பேச்சுவார்த்தைக் குழுவுல பெண்களுக்கு உரிய இடம்னு. சட்டம் இருக்கு, நாற்காலி எங்கேன்னு அவங்க இன்னமும் தேடிக்கிட்டு இருக்காங்க.

(மணி)

இரண்டாவது மணி. ஐயா, இரண்டே நிமிஷம். தர்க்கம் முடிஞ்சுது, இனிமே நான் வாதாடப் போறதில்லை.

2014, காசா மீது ஐம்பது நாள் போர். அது முடிஞ்ச கையோட ஆரம்பிச்சதுதான் ‘விமன் வேஜ் பீஸ்’. அடுத்த வருஷம் பிரதமர் வீட்டு வாசல்ல கூடாரம் போட்டு, போர் நடந்த அதே ஐம்பது நாள், முறை வச்சு உண்ணாவிரதம் இருந்தாங்க. 2016ல வடகோடியில இருந்து நடந்தாங்க. ஜோர்டான் ஆத்தங்கரைக்கு வந்து சேரும்போது வெள்ளை உடுப்புல 4,000 பேர், அதுல ஆயிரம் பேர் பாலஸ்தீனப் பெண்கள். 2021ல பாலஸ்தீனப் பக்கம், ரீம் ஹஜாஜ்ரே, பெத்லஹேம் பக்கத்து அகதி முகாம்காரர், ‘விமன் ஆஃப் தி சன்’ ஆரம்பிச்சாங்க. 2022 மார்ச்ல இரண்டு அமைப்பும் ‘தாய்மார் அழைப்பு’ன்னு ஒரே அறிக்கையில கையெழுத்துப் போட்டாங்க. 2023 அக்டோபர் 4. ஜெருசலேம்ல கூடி, அங்கிருந்து சாக்கடலின் வடகரைக்குப் போனாங்க. அது மேற்குக் கரைக்குள்ள வர்ற கரை, இரண்டு பக்கமும் வந்து சேரலாம். ஆயிரத்துக்கும் மேல பெண்கள். தலைவர்களுக்குன்னு ஒரு மேசையும் நாற்காலிகளும் போட்டு வச்சாங்க.

அந்தக் கூட்டத்துல விவியன் சில்வர் இருந்தாங்க. வயசு 74. கனடாவுல வின்னிபெக்ல பிறந்தவங்க, ‘விமன் வேஜ் பீஸ்’ தொடங்கினவங்கள்ல ஒருத்தர். வீடு, காசா எல்லையை ஒட்டின பெஎரி கிப்புத்ஸ், அதாவது கூட்டுப்பண்ணைக் கிராமம். காசாவுல இருந்து சிகிச்சைக்கு வர்ற நோயாளிகளை எல்லை வாசல்ல ஏத்திக்கிட்டு இஸ்ரேல் ஆஸ்பத்திரிகளுக்குக் கொண்டுபோய் விடுற தன்னார்வலர்.

மூணு நாள் கழிச்சு, அக்டோபர் 7. ஹமாஸ் தாக்குதல். ஏறக்குறைய 1,200 பேர் செத்த நாள். விவியன் பாதுகாப்பு அறைக்குள்ள ஒளிஞ்சிருந்து மகன் யோனத்தானுக்குச் செய்தி அனுப்பிக்கிட்டு இருந்தாங்க. முதல்ல இரண்டு பேரும் விளையாட்டாப் பேசிக்கிட்டாங்க. அப்புறம், வீட்டுக்குள்ள வந்துட்டாங்க, இனி ஜோக் வேண்டாம், விடைபெற்றுக்கலாம்னு எழுதினாங்க. பணயக்கைதியாப் பிடிச்சுக்கிட்டுப் போயிருப்பாங்கன்னு குடும்பம் ஐந்து வாரம் நம்பிக்கிட்டு இருந்துச்சு. நவம்பர்ல, எரிஞ்ச அதே வீட்டுல கிடைச்ச எச்சத்துல அடையாளம் கண்டாங்க. அதுக்குள்ள எல்லைக்கு அந்தப் பக்கம் குண்டு விழுந்துக்கிட்டே இருந்துச்சு. காசா சுகாதார அமைச்சகக் கணக்குல, 2025 முடியறதுக்குள்ள செத்தவங்க 60,000 பேருக்கு மேல. அந்தக் கணக்குக்குள்ள ‘விமன் ஆஃப் தி சன்’ பெண்களும் இருக்காங்க.

யோனத்தான் சமூகப் பணியாளரா இருந்தவர். அம்மா போன பிறகு அந்த வேலையை விட்டுட்டு, அம்மா விட்ட வேலையை எடுத்துக்கிட்டார். நடுவர் ஐயா, அவர் கோபத்துல துப்பாக்கி எடுத்திருந்தா நாம யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டோம்.

லைலா அல்-ஷேக்னு ஒரு தாய், பெத்லஹேம் பக்கத்துல பத்தீர் கிராமம். 2002ல ஆறு மாசக் குழந்தை குஸாய்க்கு மூச்சு முட்டுச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டு ஓடினாங்க. சிப்பாய்கள் வழியில நிறுத்தி வச்சாங்க, மணிக்கணக்கா. போய்ச் சேர்ந்தப்போ நேரம் கடந்துபோச்சு. குழந்தை செத்துடுச்சு. பல வருஷம் அந்த அம்மா எந்த இஸ்ரேல்காரர் முகத்தையும் பார்க்க விரும்பலை. நான் அதைக் குறைன்னு சொல்லவே மாட்டேன். அப்புறம் ஒருநாள் ‘பேரன்ட்ஸ் சர்க்கிள்’ கூட்டத்துக்கு வந்தாங்க. எதிரே ரோபி டமெலின் மாதிரி தாய்மார். ரோபியின் மகன் டேவிட், ராணுவச் சாவடியில நின்னப்போ, 2002 மார்ச்ல, பாலஸ்தீனத் துப்பாக்கி வீரர் ஒருத்தர் சுட்டுச் செத்தான். ஒருத்திக்குச் சாவடியில நிறுத்தினதால பிள்ளை போச்சு. இன்னொருத்திக்குச் சாவடியில நின்னதால பிள்ளை போச்சு.

(மணி)

ஐயா, முடிச்சுட்டேன். இந்த அமைப்புல ஒரு வேலை உண்டு. ஓர் இஸ்ரேல்காரர், ஒரு பாலஸ்தீனர், ஜோடியாப் போய்ப் பிள்ளைங்க முன்னாடி உட்கார்ந்து, அவங்கவங்க வீட்டுல நடந்ததைச் சொல்றது. 2023ல இஸ்ரேல் கல்வி அமைச்சகம் பள்ளிக்கூடங்களுக்குள்ள வரக் கூடாதுன்னுடுச்சு. பள்ளிக்கூடம் இல்லாட்டி வேற இடம்னு போறாங்க. ராணுவத்துல சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் படிக்கிற பையன்கள் இருக்கிற பயிற்சிக் கூடங்களுக்கும் போறாங்க. இப்படி ஊர் ஊராப் பேசுறவங்கள்ல லைலாவும் ஒருத்தர். கேட்கிற பையனுக்குப் பதினெட்டு வயசு. அடுத்த வருஷம் அவன்தான் சாவடியில நிக்கப் போறான். அவன் முன்னாடி, “என் மகனுக்கு ஆறு மாசம்”னு ஒரு தாய் ஆரம்பிக்கிறாங்க.

நன்றி, வணக்கம்.